வாத்தும் இல்ல, ரயிலும் இல்ல: ஒரு கருவாட்டுப் பஞ்சாயத்து

அந்த மெயில் வண்டிக் கதையை இனிமே யாரும் எனக்கு அனுப்பாதீங்க சாமிகளா. ஒரே மாசத்துல நாலாவது தடவை. போதாக்குறைக்கு நாம மதிக்கிற பதிவர் ஒருத்தரே "தெரியுமா உங்களுக்கு?"ன்னு தலைப்பு வச்சு அதை எழுதியிருக்கார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன், முடியல. ஆணி புடுங்கற வேலையை எல்லாம் தள்ளி வச்சுட்டு உக்காந்துட்டேன்.

கதை தெரியாதவங்களுக்கு ஒரு சுருக்கம். "பாம்பே டக்"னு ஒரு ஐட்டம் இருக்கு. பேரைப் பார்த்துட்டு வாத்துக்கறின்னு நினைச்சு ஓட்டல்ல ஆர்டர் பண்ணினா, தட்டுல வர்றது மீன். அதுவும் பாதி நேரம் கருவாடு. ஏன் இந்தப் பேர்? வெள்ளைக்காரன் காலத்துல பம்பாய்லேர்ந்து கல்கத்தாவுக்குப் போற மெயில் வண்டியில இந்தக் கருவாட்டை மூட்டை மூட்டையா ஏத்துவாங்களாம். பெட்டியெல்லாம் நாறிப் போகுமாம். இந்தியில தபாலுக்கு "டாக்". பம்பாய் டாக் மாதிரி நாறுதுன்னு துரைமார் மூக்கைப் பொத்திக்கிட்டே சொல்லிச் சொல்லி, டாக் டக் ஆகி, மீன் வாத்து ஆயிடுச்சாம். சில பேர் இன்னும் ஒரு படி மேல போய், இந்தப் பேரை வச்சதே ராபர்ட் கிளைவ்தான்னு அடிச்சு விடறாங்க.

கிளைவ் செத்தது 1774. இந்தியாவுல முதல் பயணிகள் ரயில் ஓடினது 1853 ஏப்ரல் 16. போரிபந்தர்லேர்ந்து தாணே வரைக்கும், மொத்தம் 34 கிலோமீட்டர். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் தண்டவாளம் முழுசா இணைஞ்சது 1870ல. கிளைவ் எந்த ரயில்ல ஏறி மூக்கைப் பொத்தினார்? சொல்லுங்கப்பா.

சரி, கிளைவை இறக்கி விட்டுடுவோம். மிச்சக் கதையாவது தேறுமான்னா அதுவும் தேறாது. ஹாப்சன்-ஜாப்சன்னு ஒரு அகராதி, 1886ல வந்தது. இங்கே இருந்த ஆங்கிலேயர் வாயில புழங்கின நம்மூர்ச் சொற்களுக்கான அகராதி. எழுதினது யூல், பர்னல்னு ரெண்டு பேர். இதுல பர்னல் தஞ்சாவூர்ல ஜட்ஜா இருந்தவர், நமக்குக் கொஞ்சம் பக்கத்து ஆள். அந்தப் புத்தகத்துல "டக்ஸ்"ங்கிற வார்த்தையைத் தேடினா மீன் வர்றதுக்கு முன்னாடி மனுசங்க வர்றாங்க. பம்பாய் மாகாணத்துல வேலை பார்த்த வெள்ளைக்காரங்களுக்கு "டக்ஸ்"னு பட்டப்பேராம். வங்காளத்துல இருந்தவங்களுக்கு "குய்-ஹை". ஆளைக் கூப்பிட "கோயி ஹை"ன்னு கத்திக்கிட்டே இருப்பாங்களே, அதான். நம்ம மதராஸ் மாகாணத்து ஆளுங்களுக்கு "மல்". அது எங்கேர்ந்து வந்துச்சுன்னா, மல்லிகட்டானி, அதாவது நம்ம மிளகுத்தண்ணி! ரசம் குடிக்கிறவன் ஒருத்தன், கருவாடு தின்றவன் இன்னொருத்தன். தீர்ந்தது விஷயம்.

இப்ப தேதிக்கு வாங்க. பம்பாய்க்காரங்களை "டக்ஸ்"னு சொல்றதுக்கு அந்த அகராதி காட்டற பழைய சான்று 1803ம் வருசத்தோடது. எழுதினவர் எல்ஃபின்ஸ்டன், பின்னால பம்பாய்க்கே கவர்னரா ஆனவர். மனுசங்களுக்கு அந்தப் பட்டப்பேர் மீன்லேர்ந்துதான் வந்திருக்கணும்கறது அகராதிக்காரங்க கணிப்பு. அப்படின்னா மீனோட பேர் அதுக்கும் முந்தினது. ரயில் வர்றதுக்கு ஐம்பது வருசம் முன்னாடியே மீன் வாத்தாயிடுச்சு.

"டாக்னா ரயில்தான்னு இருக்கா? குதிரைத் தபால், ஓட்டத் தபால்லாம் இருந்துச்சே"ன்னு ஒரு நண்பர் மடக்கினார். இருந்துச்சுதான். தோள்ல பையை மாட்டிக்கிட்டு காட்டுவழியா ஓடற தபால்காரன் கடுதாசியையே எடை பார்த்துத் தூக்கறவன். அவன் தலையில கருவாட்டு மூட்டையை எவன் ஏத்துவான்? கடலோரத்துச் சரக்கு காலம் காலமா கப்பல்லதான் போச்சு. யூலும் பர்னலும் கையில ஆதாரம் இல்லாததால ஏன் வாத்துன்னு காரணம் சொல்லாமலே விட்டுட்டாங்க. நம்ம ஆளுங்களுக்குத்தான் அந்தப் பொறுமை இல்ல.

பேரை விடுங்க, மீனைப் பத்திப் பேசுவோம். அதைப் பத்தி யாருமே எழுதறதில்ல.

மராத்தியில பொம்பில். குஜராத்தியில பும்லா. வங்காளத்துல லோட்டே, லோய்ட்டா. காய வச்சா லோய்ட்டா சுட்கி, சிட்டகாங் பக்கம் அதுக்காக உயிரையே விடுவாங்க. தமிழ்ல வங்கரவாசின்னு மீன் பட்டியல்கள்ல ஒரு பேர் இருக்கு. விலாங்கும் இல்ல, வாளையும் இல்ல. பல்லி மாதிரி வாய் பிளந்த மீன் குடும்பம், தண்ணிப்பண்ணா இனத்தோட ஒண்ணுவிட்ட சொந்தம். கையில எடுத்தா கொழகொழன்னு ஜெல்லி மாதிரி வழுக்கும். உடம்புல 85, 90 சதவீதம் தண்ணிதான். பிடிச்ச கொஞ்ச நேரத்துல கெட ஆரம்பிச்சுடும். அதனாலதான் காய வைக்கிறாங்க. ருசிக்குன்னு ஆரம்பிச்ச வேலை இல்ல அது. அந்த மீனைக் காசாக்க அந்தக் காலத்துல வேற வழியே கிடையாது. பத்துக் கிலோ பச்சை மீன் காய்ஞ்சா ஒன்றரைக் கிலோ தேறும், அவ்ளோதான்.

ஒரு விசித்திரம் என்னன்னா, இது எல்லாக் கடல்லயும் கிடைக்காது. மேற்குக் கரையில குஜராத், மகாராஷ்டிரா பக்கம் கொட்டிக் கிடக்கும். ரத்னகிரிக்குத் தெற்கே வந்தா கிட்டத்தட்ட காணாமப் போயிடும். கேரளாவுல தேடாதீங்க. அப்புறம் கிழக்குக் கரையில வங்காளம், ஒரிசா, ஆந்திராப் பக்கம் மறுபடி தலை காட்டும். நம்ம மரக்காணத்துல வலையில விழுந்தா அது அதிசயம்.

மகாராஷ்டிராக் கரையில இதைப் பிடிக்கிறது பெரும்பாலும் கோலி மக்கள். டோல்னு ஒரு பை வலை. கடலுக்குள்ள அடிச்ச கம்பத்துல கட்டி, ஓதம் ஏறி இறங்கற வேகத்துல மீன் தானா வந்து விழும்படி வைப்பாங்க. கரைக்கு வந்ததும் பொம்பளைங்க கைக்கு மாறிடும். ரெண்டு ரெண்டு மீனா எடுத்து, ஒண்ணோட தாடையை இன்னொண்ணோட தாடையில மாட்டி, மூங்கில் கட்டி இழுத்த கயித்து மேல ஜோடி ஜோடியா தொங்க விடுவாங்க. முடிச்சும் வேணாம், ஊக்கும் வேணாம், மீனோட பல்லே கொக்கி. வெர்சோவாவுல பார்த்தீங்கன்னா துணி காயப்போட்ட மாதிரி வரிசை வரிசையா தொங்கும். உப்பே போட மாட்டாங்க. வெறும் வெயில், வெறும் காத்து.

இவ்ளோ யோசிச்சுச் செய்யற ஒரு வேலைக்கு நாம உலகத்துக்குச் சொல்ற ஒரே சேதி என்ன? "ரயில் பெட்டி நாறிச்சு, துரை மூக்கைப் பொத்தினான்." அம்புட்டுதான். என் வயித்தெரிச்சல் இங்கேதான்.

அந்தக் கதை ஏன் இவ்ளோ சுளுவா ஊர் சுத்துது? கேக்கறப்பவே நாம துரை பக்கம் உக்காந்துக்கறோம். மூட்டை தூக்கினவன் பக்கம் இல்ல, காய வச்சவ பக்கம் இல்ல. மூக்கு துரையோடது, சிரிப்பு நம்மோடது. இங்கிலீஷ்ல ஒருத்தன் முகம் சுளிச்சதை வரலாறுன்னு வாங்கி வச்சுக்கிட்டு, பெருமையா நாலு பேருக்கு அனுப்பறோம். பொய்யா இருந்தாலும் பரவால்ல, சுவாரசியமா இருக்காம்! உங்க சுவாரசியத்துக்கு இன்னொருத்தன் சோத்தைத்தான் நாறடிக்கணுமா?

கொஞ்சம் எங்க ஊர்ப் பக்கம் வர்றேன். எங்களுது பிரம்மதேசம். திண்டிவனத்துலேர்ந்து மரக்காணம் போற வழி. (கூகுள்ல போட்டா ராஜேந்திர சோழன் கதையெல்லாம் வரும். அது செய்யாறு பக்கத்துப் பிரம்மதேசம். அம்பாசமுத்திரம் பக்கம் ஒண்ணு இருக்கு. எண்ணாயிரத்துக்குப் பக்கத்துல இன்னொண்ணு. எங்களை யாரும் தேடறதில்ல, அது வேற சோகம்.) பிரம்மதேயம்னா பிராமணர்களுக்குக் கொடையா விட்ட நிலம். பேரை வச்சு, இது பருப்பும் நெய்யும் மணக்கிற ஊருன்னு நினைச்சு வந்தீங்கன்னா மதியம் பன்னிரண்டு மணிக்கு ஏமாந்துடுவீங்க. தெருவுக்கு நாலு வூட்டுல கருவாட்டுக் கொழம்பு கொதிக்கும். பேருக்கும் ஊருக்கும் சம்பந்தம் இல்லைங்கறது எங்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்ல. வாத்தும் தெரியும். நெல் அறுத்த கழனியில நூத்துக்கணக்குல மேயும். அது வாத்து, இது மீன். இதுல குழப்பம் வர்றது ஓட்டல் மெனு கார்டு அடிக்கிறவனுக்கு மட்டும்தான்.

எங்களுக்குக் கருவாடு மரக்காணத்துலேர்ந்து வரும். அங்கே உப்பளமும் இருக்கு, கடலும் இருக்கு, இதுக்கு மேல என்ன வேணும்? கூடையைத் தலையில வச்சுக்கிட்டு பஸ் ஏறி வர்ற ஆயாக்கள்தான் கொண்டாருவாங்க. நெத்திலி, காரப்பொடி, வாளை, பன்னா, சுறான்னு கூடைக்குள்ளயே தனித்தனிப் பொட்டலம். அவங்க பஸ்ஸுல எங்கே உக்காருவாங்கன்னு பார்த்திருக்கீங்களா? சீட்டு காலியா இருந்தாலும் பின்படிக்கட்டுக்குப் பக்கத்துல, கூடையைக் காலுக்கு நடுவுல வச்சுக்கிட்டு, தரையில. "ஏன் ஆயா, சீட்டு இருக்கே"ன்னு ஒருக்கா கேட்டேன். "வேணாம் கண்ணு, எவனாச்சும் எதுனா சொல்லுவான்"ன்னுச்சு. யாரும் சொல்றதுக்கு முன்னாடியே தானா ஒதுங்கிக்கிற அளவுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கோம்.

கற்பனைன்னு நினைக்கிறவங்களுக்கு 2021 டிசம்பர் ஞாபகம் இருக்கட்டும். கன்னியாகுமரி மாவட்டம் குளச்சல்ல மீன் வித்துட்டு வூட்டுக்குத் திரும்பின ஒரு வயசான அம்மாவை, நாத்தம் அடிக்குதுன்னு அரசுப் பேருந்துலேர்ந்து இறக்கி விட்டாங்க. அந்தம்மா பஸ் ஸ்டாண்டுல நின்னு நியாயம் கேட்டுக் கதறின வீடியோ தமிழ்நாடு முழுக்கப் போச்சு. முதலமைச்சர் ஸ்டாலின் கண்டிச்சு அறிக்கை விட்டார். டிரைவர், கண்டக்டர், நேரக் காப்பாளர் மூணு பேரையும் சஸ்பெண்ட் பண்ணாங்க. அது வீடியோவுல மாட்டினதால வெளிய தெரிஞ்சுது.

வீடியோவுல மாட்டாதது எவ்ளோ! சென்னையில வாடகைக்கு வூடு தேடினப்ப எங்கிட்ட ஒரு வீட்டுக்காரர் கேட்டது: "நான்வெஜ் பரவால்ல தம்பி, கருவாடு மட்டும் வேணாம், என்ன?" ரொம்ப மரியாதையாத்தான் கேட்டார். அவரே கோழி, ஆடு எல்லாம் சாப்பிடறவர். அதாவது சைவம், அசைவம்னு ரெண்டு சாதி இருக்கிறது பத்தாதுன்னு, அசைவத்துக்குள்ள கருவாடுன்னு ஒரு சேரி. அந்த மெயில் வண்டித் துரையோட மூக்கும் இவர் மூக்கும் ஒரே அச்சுல வார்த்தது.

இந்த மூக்குக்குப் பதில் சொல்ல நான் யாரு, சங்கத்துலயே சொல்லிட்டாங்க. நற்றிணையில 45வது பாட்டு. டவுன்லேர்ந்து தேர்ல வர்ற பணக்கார வூட்டுப் புள்ள ஒருத்தன் நெய்தல் நிலத்துப் பொண்ணு பின்னாடி சுத்தறான். தோழி அவனை நிறுத்தி வைக்கிறா. இவ மீன் பிடிக்கிறவங்க வூட்டுப் பொண்ணு, நீ கொடி பறக்கிற கடைத்தெரு ஊர்ப் பணக்காரனோட புள்ள. நாங்க சுறாவை அறுத்துக் காயப்போட்டுட்டுப் பறவை ஓட்டறவங்க, எங்க மேல புலால் அடிக்குது, தள்ளி நில்லுன்னு சொல்றா. அதோட நிறுத்தல. எங்க சின்ன வாழ்க்கை உங்களுக்கு ஒத்து வராது, எங்க ஆளுங்கள்லயும் உசத்தியானவங்க இருக்காங்கன்னு முடிக்கிறா. கவனிச்சீங்களா, நாத்தம்ங்கிற வார்த்தையை அவன் சொல்றதுக்கு முன்னாடி இவளே எடுத்துக்கிட்டா. பஸ்ஸுல தரையில உக்காந்த எங்க ஆயாவும் முந்திக்கிட்டுத்தான் ஒதுங்குச்சு. ஆனா ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ தூரம் பாருங்க. அவ தள்ளி நிக்கச் சொன்னது வந்தவனை. இது தள்ளி உக்கார்றது தன்னை. (சொல்ல மறந்துட்டேனே, நாற்றம்னா பழந்தமிழ்ல நறுமணத்துக்கும் சேர்த்துத்தான். அதையும் ஒரு பக்கமா சாய்ச்சுட்டோம்.)

இப்ப எதிர்க்கட்சி வாதத்துக்கு வர்றேன். "கருவாடு நாறத்தானேய்யா செய்யுது?" ஆமா, நாறுது. எவன் இல்லைன்னான்? பெருங்காயமும் நாறுது, முள்ளங்கி சாம்பாரும் நாறுது, பலாப்பழத்தை டிக்கியில வச்சுட்டு வந்தா ஒரு வாரம் கார் நாறும். அதுக்கெல்லாம் மூடி போட்ட டப்பாவும் பிளாஸ்டிக் கவரும் போதும்னு விட்டுடறோம். கருவாட்டுக்கு மட்டும் டப்பாவை விட்டுட்டு ஆளை வெளியேத்தறோம்.

சுத்தம்னு ஒருத்தர் பேசினா அவர்கிட்ட நான் உக்காந்து பேசத் தயார். அது நியாயமான பேச்சு. நம்ம கரையில பாதிக் கருவாடு மணல்லயும் ரோட்டு ஓரத்துலயும்தான் காயுது. ஈ, மண்ணு, நாய் எல்லாம் இலவசம். கொழம்புல நறநறன்னா அது மரக்காணத்து மணல். இந்த விஷயத்துல பொம்பில் காய வைக்கிறவங்க நமக்கு வாத்தியார். தரையிலேர்ந்து தூக்கிக் கட்டற முறை அவங்களுது. கொச்சியில இருக்கிற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் சூரிய உலர்த்திகள் செஞ்சிருக்கு. சிமெண்டுக் களம், உயரமான பரண், மேல ஒரு வலை... இதையெல்லாம் கேட்டு எழுதுங்க. நூறு பேர் எழுதினா ஒரு ஊருக்காவது வரும்.

சுத்தம்ங்கிற பேச்சை எப்படி முடிச்சு வைக்கணும்னு பம்பாய் வாத்து விஷயத்துலயே ஒரு உதாரணம் இருக்கு. 1997ல ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கடலுணவுக்குத் தடை போட்டுச்சு. கிருமி, ஆலைச் சுகாதாரம்னு காரணம். வெயில்ல காயற இந்தக் கருவாடும் அதுல மாட்டிக்கிச்சு. பிரிட்டன்ல கறி கூட இதைப் பொரிச்சுக் கடிச்சுப் பழகின வெள்ளைக்காரங்களுக்குத் தாங்கல. "பம்பாய் வாத்தைக் காப்பாத்துங்க"ன்னு இயக்கமே நடத்தினாங்க. இந்தியத் தூதரகம் பேசுச்சு. கடைசியில விதியைத் தளர்த்தினாங்க. வெயில்லயே காயட்டும், ஆனா பொட்டலம் கட்டறது மட்டும் அங்கீகாரம் வாங்கின கூடத்துல நடக்கணும். முடிஞ்சுது பிரச்சினை. கதைப்படி மூக்கைப் பொத்தின துரையோட பேரப்புள்ளைங்க அதே கருவாட்டுக்காக மனு போட்டிருக்காங்க! நம்ம வீட்டுக்காரர்தான் இன்னும் ஒத்துக்க மாட்டேங்கறார்.

கேக்கறது ரெண்டே விஷயம். ஓட்டல் வச்சிருக்கிற, மெனு அடிக்கிற, சாப்பாட்டுப் பதிவு எழுதற புண்ணியவான்களே, தமிழ்ல எழுதும்போது "பாம்பே டக்"னு போடாதீங்க. பொம்பில்னு போடுங்க. மூணெழுத்து கூடக் குறைய இருந்தாலும் பிடிச்சவங்க வச்ச பேர் அது. காஞ்சதுன்னா பொம்பில் கருவாடு. சாப்பிட வர்றவனும் வாத்துன்னு ஏமாற மாட்டான். இன்னொண்ணு, அந்த ரயில் கதை மறுபடி வந்தா, அனுப்பினவருக்கு 1803ங்கிற ஒரு நம்பரை மட்டும் திருப்பி அனுப்புங்க. விளக்கம் கேட்டா இந்தப் பதிவோட சுட்டியைக் குடுங்க. (விளம்பரம்தான், ஹிஹி.)

எப்படிச் செய்யறதுன்னு கண்டிப்பா ரெண்டு பேர் கேப்பீங்க. பொம்பில் கருவாடு சென்னையில கருவாட்டு மார்க்கெட்ல தேடினா மாட்டும். தலை, வால், துடுப்பை வெட்டிட்டு, ரெண்டு அங்குலத் துண்டா நறுக்கி, சுடுதண்ணியில அஞ்சு நிமிசம் போட்டு ரெண்டு மூணு தண்ணியில அலசுங்க. உப்பில்லாத கருவாடு, அதனால கொழம்புல வழக்கத்தை விட உப்பு கூடப் போடணும், மறந்துடாதீங்க. மத்தபடி நம்மூர்க் கொழம்புதான். பூண்டு தாராளமா, சின்ன வெங்காயம், கத்திரிக்கா, கெட்டிப் புளி. கொழம்பு கொதிச்சுச் சுண்டி வர்றப்ப கடைசியிலதான் கருவாடு விழணும். முன்னாடியே போட்டா கரைஞ்சுடும், முள்ளே அவ்ளோ மெத்து. மொச்சைக்கொட்டை ஊறப்போட்டு வேக வச்சுச் சேர்த்தீங்கன்னா இன்னும் நல்லாருக்கும். ராத்திரி வச்சுட்டுக் காலையில பழையசோத்துக்கு ஊத்திக்குங்க.